புதிதாக அசெம்பிள் செய்த கணினியில் டிரைவ் தெரியவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை செல்லூரில் கணினி அசெம்பிள் செய்து கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் மாதங்களில், டவுன்ஹால் ரோட்டில் பாகம் பாகமாக வாங்கியோ கூரியரில் வரவழைத்தோ, உசிலம்பட்டியிலும் மேலூரிலும் வாடிப்பட்டியிலும் வீட்டுத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து தாங்களே அசெம்பிள் செய்த பிள்ளைகள் இரவு 10 மணிக்கு மேல் கூப்பிடுவார்கள். "அண்ணே, ஃபேன் சுற்றுகிறது, திரை வருகிறது, டிரைவ் மட்டும் தெரியவில்லை." பின்னால் அப்பாவோ அம்மாவோ விலையைச் சொல்லிக் கவலைப்படுவதும் கேட்கும்.

அப்படி என்னிடம் வந்தவற்றில் டிரைவே (அதாவது தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியோ ஹார்டு டிஸ்க்கோ) செத்துப் போயிருந்தவை மிகவும் குறைவு. பெரும்பாலும் திருகு, கேபிள், ஸ்லாட், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டிலிருந்து ஓடும் அமைப்புத் திரை) ஓர் அமைப்பு, இவற்றில் ஒன்றுதான். ஆகவே புதிய டிரைவுக்குப் பணம் புரட்டுவதற்கு முன் கீழே உள்ளவற்றைப் பார்த்துவிடுங்கள். தொலைபேசியில் நான் கேட்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

டிரைவ் தெரியவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எங்கே தெரியவில்லை என்பதைப் பாருங்கள். மூன்று இடங்கள் உண்டு. முதலாவது பயாஸ். இரண்டாவது, விண்டோஸ் நிறுவும்போது "எங்கே நிறுவ வேண்டும்" என்று கேட்கும் திரை. மூன்றாவது, விண்டோஸ் ஓடத் தொடங்கிய பிறகு "திஸ் பிசி" பக்கம்.

பயாஸிலேயே இல்லை என்றால் அது இணைப்பு சார்ந்த கோளாறு. கேபினெட்டைத் திறந்துதான் ஆகவேண்டும். பயாஸில் இருக்கிறது, நிறுவும் திரையில் இல்லை என்றால் கையில் திருப்புளியே எடுக்க வேண்டாம், அமைப்பிலோ டிரைவர் மென்பொருளிலோதான் சிக்கல். விண்டோஸுக்குள் மட்டும் இல்லை என்றால் பத்து நிமிட வேலை. இந்த மூன்றையும் பிரிக்காமல் கேபிளைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இரவு முழுவதும் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பயாஸுக்குள் போக, கணினியை இயக்கியவுடன் டெலீட் விசையை விட்டு விட்டு அழுத்திக்கொண்டே இருங்கள். சில போர்டுகளில் எஃப்2.

பயாஸில் பூட் பட்டியலைப் பார்த்தேன். அதில் என் எஸ்எஸ்டி இல்லையே?

பூட் பட்டியல் வேறு, டிரைவ் பட்டியல் வேறு. பலரும் தடுமாறும் இடம் இது. யூஇஎஃப்ஐ என்ற இன்றைய பயாஸ் முறையில், எந்த டிரைவிலிருந்து இயங்குதளத்தைத் தொடங்க முடியுமோ அதைத்தான் பல போர்டுகள் பூட் பட்டியலில் காட்டும். பெட்டி பிரித்த புதிய எஸ்எஸ்டியில் ஒன்றுமே இல்லை. அது அந்தப் பட்டியலில் வராமல் இருப்பதே இயல்பு.

நீங்கள் பார்க்க வேண்டியது ஸ்டோரேஜ், என்விஎம்இ கான்ஃபிகரேஷன், சாட்டா கான்ஃபிகரேஷன் என்ற பெயர்களில் இருக்கும் பக்கங்களை. அங்கே டிரைவின் மாடல் பெயரும் கொள்ளளவும் இருந்தால் உங்கள் வன்பொருள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். பென் டிரைவைச் செருகி விண்டோஸ் நிறுவத் தொடங்கலாம். பென் டிரைவிலிருந்து தொடங்கும் பூட் மெனு விசை அசுஸ் போர்டில் எஃப்8, எம்எஸ்ஐ, அஸ்ராக் போர்டுகளில் எஃப்11, ஜிகாபைட்டில் எஃப்12.

எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே நேராகச் செருகும் பட்டை வடிவ டிரைவ்) பயாஸின் எந்தப் பக்கத்திலும் இல்லை. சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன்.

மின்சாரத்தை அணைத்து, பிளக்கையே பிடுங்கிவிட்டு ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். டிரைவை ஏறக்குறைய 30 பாகை சாய்வாக ஸ்லாட்டுக்குள் விட வேண்டும். உள்ளே போய் நிற்பது விரலுக்குத் தெரியும். தங்க நிறப் பற்களில் ஒரு நூலிழைதான் வெளியே தெரிய வேண்டும். கையை எடுத்தால் டிரைவ் தானாக மேலெழும்பி சாய்ந்து நிற்கும், அது சரியே. பிறகு முனையை மெதுவாகக் கீழே அழுத்தித் திருகைப் போடுங்கள்.

திருமங்கலத்திலிருந்து ஒரு மாணவர் கொண்டுவந்த கணினியை நான் மறக்கவில்லை. டிரைவின் முனை போர்டோடு ஒட்டிப் படுத்திருந்தது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது எஸ்எஸ்டியின் பச்சைப் பலகை நடுவில் வில் மாதிரி வளைந்திருந்தது. ஸ்லாட் பக்கத்தில் ஒரு பக்கப் பற்கள் தூக்கிக்கொண்டிருந்தன. திருகுக்கு அடியில் நிற்க வேண்டிய சிறிய பித்தளைக் கால் அங்கே இல்லை. அது மதர்போர்டு அட்டைப் பெட்டியின் அடியில், ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில், பிரிக்கப்படாமலே கிடந்தது. அந்தக் காலைப் பொருத்தி, டிரைவை மட்டமாக வைத்துத் திருகினோம். உடனே பயாஸில் தெரிந்தது. அவர் அதற்குள் டிரைவ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, மாற்றித் தரும்படி கடையில் எழுதிக் கொடுத்துவிட்டே என்னிடம் வந்திருந்தார்.

பித்தளைக் காலை நகர்த்த வேண்டிய இடமும் உண்டு. பெரும்பாலான எம்.2 டிரைவுகள் 2280 அளவு, அதாவது 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 போன்ற குட்டை டிரைவுகள் வாங்கியிருந்தால் அந்த நீளத்துக்குரிய துளைக்குக் காலை மாற்றிப் பொருத்துங்கள்.

ஹீட் சிங்கின் (டிரைவின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) அடியில் நீலத் தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதனால் தெரியாமல் போகுமா?

போகாது. ஆனாலும் அதை உரித்துவிடுங்கள், உரிக்காவிட்டால் சூடு ஹீட் சிங்குக்குப் போகாது. டிரைவின் மேலுள்ள லேபிளை மட்டும் உரிக்காதீர்கள். உத்தரவாதம் கேட்கப் போகும்போது அந்த லேபிள்தான் சாட்சி.

ஸ்லாட்டில் அழகாகப் பொருந்துகிறது, ஆனாலும் காட்டவில்லை. ஏன்?

எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அதே வடிவத்துக்குள் இரண்டு சாதிகள் உண்டு: சாட்டா வழியில் பேசும் எம்.2, பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியில் பேசும் என்விஎம்இ. நீளமும் அகலமும் ஒன்றே. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா எம்.2வைப் போட்டால் அது பொருந்தும், திருகலாம், எதுவும் புகையாது, பயாஸில் மட்டும் வராது. விலை குறைவு என்று பழைய சாட்டா எம்.2 வாங்கியவர்களுக்கு இது அதிகம் நடக்கிறது.

தங்கப் பற்களின் வரிசையைப் பாருங்கள். ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. சில என்விஎம்இ டிரைவுகளுக்கும் இரண்டு வெட்டு உண்டு என்பதால் லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் படித்துவிடுங்கள். பிறகு போர்டின் கையேட்டில் அந்த ஸ்லாட் எதை ஏற்கும் என்று பாருங்கள். கையேடு இல்லாவிட்டால் போர்டின் மாடல் எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

என்விஎம்இதான், சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன், ஸ்லாட்டும் என்விஎம்இதான். அப்படியும் வரவில்லை!

உங்கள் பிராசசர் எது? இதை நான் கேட்டால், "டிரைவுக்கும் பிராசசருக்கும் என்ன அண்ணே சம்பந்தம்" என்று பலரும் திருப்பிக் கேட்கிறார்கள். நெருங்கிய சம்பந்தம் உண்டு.

போர்டில் உள்ள எம்.2 ஸ்லாட்டுகளில் சில சிப்செட்டோடு (போர்டிலுள்ள துணைச் சிப்) இணைந்திருக்கும், சில நேராகப் பிராசசரோடு இணைந்திருக்கும். பிராசசரோடு இணைந்த ஸ்லாட் உயிர்பெற வேண்டுமானால் அதற்கான, தரவு போய்வரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழிகள் அந்தப் பிராசசரில் இருக்க வேண்டும். இன்டெலின் 10ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் 16 வழிகள். அவை கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டுக்கே சரியாகப் போய்விடும். 11ஆம் தலைமுறையில் 20 வழிகள். கூடுதலாக வந்த நான்கும் எம்.2வுக்காக. இரண்டு தலைமுறையும் ஒரே சாக்கெட்டில் உட்காரும். ஆகவே பி560, இசட்590 போர்டு பலவற்றில், 10ஆம் தலைமுறை ஐ3 அல்லது ஐ5 போட்டால், பிராசசருக்கு மிக அருகில் இருக்கும் முதல் எம்.2 ஸ்லாட் வேலை செய்யாது. போர்டு கெடவில்லை, டிரைவ் கெடவில்லை. கீழே இருக்கும் அடுத்த ஸ்லாட்டுக்கு டிரைவை மாற்றினால் தெரிந்துவிடும்.

வேதனை என்னவென்றால், விலை குறைந்த காம்போ என்று இந்த ஜோடியைச் சேர்த்து விற்பவர்களில் சிலர் இதை வாங்குபவரிடம் சொல்வதே இல்லை. முதல் ஸ்லாட்டில்தான் ஹீட் சிங்க் இருக்கிறது, யாராக இருந்தாலும் அங்கேதான் முதலில் மாட்டுவார்கள். இப்படி வாங்கிய ஒருவர் மேலூரிலிருந்து மூன்று முறை அலைந்து, அதே விலையில் இன்னொரு எஸ்எஸ்டியும் வாங்கிவிட்ட பிறகு என்னிடம் வந்தார். இரண்டு டிரைவும் நன்றாகவே இருந்தன. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்தப் பணம் அவர் கையில் இருந்திருக்கும். பழைய பிராசசரும் புதிய போர்டுமாக வாங்குகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் கையேட்டில் ஸ்டோரேஜ் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். "11ஆம் தலைமுறைக்கு மட்டும்" என்ற குறிப்பு அங்கே இருக்கும்.

எம்.2 மாட்டியதும், அதுவரை வேலை செய்த பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போய்விட்டது.

பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளும் ஒரே வழியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஸ்லாட்டில் டிரைவ் உட்கார்ந்ததும் அந்தப் போர்ட் தானாக அணைந்துவிடும். சாட்டா கேபிளை வேறொரு போர்ட்டுக்கு மாற்றுங்கள். எந்த எண் அணையும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும், கையேட்டில் அட்டவணையாகவே போட்டிருப்பார்கள்.

சாட்டா ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி பயாஸில் வரவில்லை. எதைச் சோதிக்க?

இரண்டு கேபிள்கள். ஒல்லியான 7 முனைக் கேபிள் தரவுக்கு, அகலமான 15 முனைக் கேபிள் மின்சாரத்துக்கு. ஒன்றை மட்டும் மாட்டிவிட்டு இன்னொன்றை மறந்துபோவது எல்லோருக்கும் நடக்கும். ஹார்டு டிஸ்க் என்றால் கையை அதன் மேல் வைத்துப் பாருங்கள். உள்ளே தட்டு சுழலும் அதிர்வு உள்ளங்கைக்குத் தெரியும். அதிர்வே இல்லையென்றால் மின்சாரம் போகவில்லை, அல்லது டிஸ்க் போய்விட்டது. அதிர்வு இருந்தும் பயாஸில் வரவில்லை என்றால் தரவுக் கேபிளை மாற்றுங்கள், பிறகு போர்ட்டை மாற்றுங்கள். எஸ்எஸ்டியில் அதிர்வு இருக்காது, கேபிள் மாற்றித்தான் பார்க்க முடியும்.

கேபிள் மலிவான பொருள். சந்தேகம் வந்தால் யோசிக்காமல் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) கேபிளைப் புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டலாமா? அப்படியே பொருந்துகிறதே.

மாட்டவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ்களில், டிரைவ் பக்கம் செருகும் முனைக்குத்தான் பொதுவான தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கம் செருகும் முனைக்குக் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி கம்பிகளை வரிசைப்படுத்துகிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே அது மாறலாம். பிளாஸ்டிக் முனை பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும், சொடுக்கென்று உள்ளே போகும். ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும். ஹார்டு டிஸ்க்கின் மின்சுற்றுப் பலகையும் 2.5 அங்குல எஸ்எஸ்டியும் 5 வோல்ட்டில் ஓடுபவை. கணினியை இயக்கிய அந்த நொடியிலேயே கருகிவிடும்.

மேலூர்ப் பக்கம் கல்யாணப் படம் எடுக்கும் ஒருவருக்கு இது நடந்தது. எஸ்எம்பிஎஸ் பழுதாகி, உள்ளூரில் ஒருவர் புதியது போட்டுக் கொடுத்தார். டிரைவுகளுக்குப் போகும் பழைய கேபிள்கள் ஏற்கெனவே நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்ததால் அவற்றை அப்படியே விட்டுவிட்டு, எஸ்எம்பிஎஸ் பக்கம் மட்டும் மாற்றிச் செருகியிருக்கிறார். மூன்று டிஸ்க்குகள் போயின. "டிரைவ் தெரியவில்லை" என்று சொல்லித்தான் என்னிடம் கொண்டுவந்தார்கள். டிஸ்க்கைத் திருப்பியதும் சுட்ட பிளாஸ்டிக் வாடை வந்தது. பலகையில் மின் இணைப்புக்கு அருகே இருந்த சிறிய கறுப்பு டயோடு வெடித்து, பச்சை வண்ணம் பழுப்பாகியிருந்தது. ஒரு டிஸ்க்கிலிருந்து தரவை மீட்க முடிந்தது. மற்ற இரண்டிலும் இருந்த முகூர்த்தங்கள் போய்விட்டன. யாருடைய தாலிகட்டோ, இனி எடுக்க முடியாத படம். அன்றிலிருந்து எஸ்எம்பிஎஸ் மாற்றினால் எல்லாக் கேபிளையும் சேர்த்து மாற்றுவேன். பழைய கேபிள்களை அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடே கட்டி வைத்துவிடுவேன்.

பெரிய கொள்ளளவு ஹார்டு டிஸ்க் வாங்கினேன். வேறு கணினியில் ஓடுகிறது, என் கணினியில் சுழலவே இல்லை.

சர்வர்களுக்காகச் செய்த சில டிஸ்க்குகளில், மின் இணைப்பின் மூன்றாவது முனையில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் தன்னை அணைத்துக்கொள்ளும் வசதி உண்டு. தூரத்திலிருந்தே டிஸ்க்கை அணைத்து இயக்குவதற்காக வைத்தது அது. சில எஸ்எம்பிஎஸ்கள் அந்த முனைக்கு எப்போதும் 3.3 வோல்ட் கொடுக்கின்றன. டிஸ்க் எழுந்திருப்பதே இல்லை. 3.3 வோல்ட் கம்பி இல்லாத, நான்கு முனை மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் இணைப்பான் போட்டால் சரியாகிவிடும். கம்பிகளோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக்காக வார்த்த மலிவான இணைப்பான்களைத் தவிருங்கள், அவை உருகித் தீப்பிடிப்பதுண்டு.

பயாஸில் தெரிகிறது. விண்டோஸ் நிறுவும் திரையில் ஒரு டிரைவும் இல்லை.

இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பின்னும் வந்த பிராசசர் உள்ள கணினி என்றால், பயாஸில் விஎம்டி என்ற அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். அது இயங்கினால் என்விஎம்இ டிரைவ் இன்டெலின் கட்டுப்பாட்டுக்குள் போய்விடும். விண்டோஸின் நிறுவல் தொகுப்புக்கு அதைத் தொடத் தெரியாமல் போகும்.

வழி இரண்டு. ரெய்டு (பல டிரைவுகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை) தேவையில்லாத புதிய கணினியில் விஎம்டியை அணைத்துவிடுவதே எளிது. வீட்டுக் கணினி எல்லாவற்றுக்கும் நான் இதைத்தான் செய்கிறேன். இல்லையென்றால் போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, ஜிப் கோப்பை விரித்து, அந்தக் கோப்புறையைப் பென் டிரைவில் போட்டு, நிறுவும் திரையில் "லோட் டிரைவர்" பொத்தானை அழுத்திக் காட்டுங்கள். டிரைவ் என்பது பொருள், டிரைவர் என்பது அதை இயக்கத் தெரிந்த மென்பொருள். பெயர் ஒன்றுபோல ஒலிப்பதால் குழம்ப வேண்டாம்.

ஏஎம்டி போர்டு என்றால் சாட்டா, என்விஎம்இ அமைப்புகள் ரெய்டு முறையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ரெய்டை அணைத்து, சாட்டாவை ஏஹெச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை: விண்டோஸ் நிறுவி ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் இந்த அமைப்புகளைக் கை போனபோக்கில் மாற்றாதீர்கள். விண்டோஸ் தொடங்காமல் நீலத் திரையில் நின்றுவிடும். அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம், பயாஸில் பழையபடி மாற்றினால் திரும்பி வரும்.

"தேவையான மீடியா டிரைவர் இல்லை" என்று வருகிறது.

எஸ்எஸ்டியைக் குற்றம் சொல்வதற்கு முன் பென் டிரைவைக் கவனியுங்கள். வேறு யுஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். அப்படியும் வந்தால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் நிறுவல் கருவியைக் கொண்டு, குறைந்தது 8 ஜிபி உள்ள நல்ல பென் டிரைவில் மறுபடி தயார் செய்யுங்கள். நண்பரிடமிருந்து கைமாறிக் கைமாறி வந்த பென் டிரைவ் வேண்டாம்.

டிரைவ் தெரிகிறது, ஆனால் "எம்பிஆர் இருப்பதால் இதில் நிறுவ முடியாது" என்கிறது.

பழைய கணினியில் இருந்த டிரைவைப் புதியதில் போட்டால் இது வரும். யூஇஎஃப்ஐ முறையில் விண்டோஸ் நிறுவ, டிரைவின் பகுதிப் பட்டியல் பழைய எம்பிஆர் முறையில் இல்லாமல் ஜிபிடி முறையில் இருக்க வேண்டும். அந்தத் திரையிலேயே உள்ள எல்லாப் பகுதிகளையும் நீக்கி, வெற்று இடத்தைத் தேர்ந்தெடுத்து "நெக்ஸ்ட்" கொடுத்தால் விண்டோஸ் தானே ஜிபிடியாக்கிக்கொள்ளும். பகுதிகளை நீக்கினால் அதிலுள்ள அனைத்தும் போய்விடும். படமோ கணக்கோ இருந்தால் முதலில் வேறிடத்தில் நகல் எடுங்கள்.

புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டேன். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றியதும் கணினி தொடங்கவே இல்லை.

நிறுவும்போது இரண்டும் மாட்டியிருந்தன அல்லவா? பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு பூட் பகுதி இருந்தால், விண்டோஸ் நிறுவல் தன் தொடக்கக் கோப்புகளை அங்கேயே வைத்துவிடும். விண்டோஸ் எஸ்எஸ்டியில், சாவி பழைய டிஸ்க்கில். புதிதாக நிறுவும்போது எந்த டிரைவில் நிறுவப் போகிறீர்களோ அதை மட்டும் மாட்டிக்கொண்டு, மற்றவற்றின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். நிறுவி முடிந்த பிறகு ஒவ்வொன்றாக மாட்டலாம்.

விண்டோஸ் ஓடுகிறது. இரண்டாவதாக மாட்டிய புதிய டிரைவ் "திஸ் பிசி"யில் வரவில்லை.

ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது சொடுக்கிட்டு "டிஸ்க் மேனேஜ்மென்ட்" திறங்கள். டிரைவ் அங்கே கறுப்புப் பட்டையோடு காத்திருக்கும். "இனிஷியலைஸ்" கேட்டால் ஜிபிடி தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் முறை ஏறக்குறைய 2 டிபிக்கு மேல் பார்க்காது. பிறகு கறுப்புப் பட்டையில் வலது சொடுக்கிட்டு "நியூ சிம்பிள் வால்யூம்", வரிசையாக "நெக்ஸ்ட்". வேலை முடிந்தது.

பட்டை நீலமாக இருந்து எழுத்து மட்டும் இல்லையென்றால், வலது சொடுக்கில் டிரைவ் எழுத்து ஒன்றைக் கொடுத்தால் போதும்.

அதே திரை, ஆனால் டிஸ்க் பழையது, உள்ளே படங்கள் இருக்கின்றன. "இனிஷியலைஸ்" கொடுக்கலாமா?

கூடாது. "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்டாலும் வேண்டாம் என்று மூடிவிடுங்கள். தரவு இருந்த டிஸ்க் திடீரென்று வெறுமையாகத் தெரிந்தால் அதன் அமைப்புப் பட்டியல் சிதைந்திருக்கலாம், அல்லது அது லினக்ஸில் பயன்படுத்திய டிஸ்க்காக இருக்கலாம். இரண்டிலும் தரவு உள்ளேயே இருக்கும். மேலே ஒன்றையும் எழுதாமல் இருந்தால் மீட்க வாய்ப்பு உண்டு.

1 டிபி வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. நிறுவனம் ஆயிரங்களாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024களாக எண்ணுகிறது. 500 ஜிபி 465 ஆகத் தெரியும்.

டிரைவ் சில நேரம் வருகிறது, சில நேரம் மறைந்துவிடுகிறது. மதுரை வெயில்தான் காரணமா?

அக்னி நட்சத்திரத்தில் மாடி அறையில் வைத்த கணினி தவிக்கத்தான் செய்யும். ஆனால் சூடு ஏறினால் எஸ்எஸ்டி முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மறைவது அதற்கு அப்புறம்தான். வந்து வந்து மறைகிறது என்றால் என் சந்தேகம் முதலில் தளர்ந்த சாட்டா கேபிள் மேல், அடுத்து எஸ்எம்பிஎஸ் மேல். கேபினெட்டின் பக்கக் கதவை மூடும்போது கேபிள் மடிந்து அழுந்துகிறதா என்று பாருங்கள். கதவைத் திறந்து வைத்தால் ஓடுகிறது, மூடினால் மறைகிறது என்று ஒருவர் வந்தார். காரணம் அதுதான்.

கிராமப்புறங்களில் மாலையில் விளக்கு மங்கும் அளவுக்கு மின்னழுத்தம் இறங்குகிறதென்றால் யுபிஎஸ் இல்லாமல் கணினியை ஓட்டாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் நின்றுபோனால் சில எஸ்எஸ்டிகள் தடுமாறி அடுத்த முறை தெரியாமல் போகும். சாட்டா எஸ்எஸ்டி என்றால் தரவுக் கேபிளைக் கழற்றிவிட்டு, மின்கேபிள் மட்டும் மாட்டி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். உள்ளே தானே சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டவற்றை நான் கண்டிருக்கிறேன்.

பயாஸை அப்டேட் செய்தால் சரியாகுமா?

சில நேரம் ஆகும், குறிப்பாகப் போர்டை விடப் பிராசசரோ டிரைவோ புதியதாக இருந்தால். ஆனால் மேலே சொன்ன அத்தனையும் பார்த்த பிறகே அதற்குப் போங்கள். பாதியில் மின்சாரம் போனால் போர்டே எழுந்திருக்காது. மாதாந்திரப் பராமரிப்புக்கு உங்கள் பகுதியில் மின்தடை உண்டா என்று அன்றைய செய்தித்தாளில் பார்த்துவிட்டு, யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். அதற்கும் முன்னால், பிளக்கைப் பிடுங்கி, போர்டில் உள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி மாட்டி, பயாஸ் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று. டிரைவ் கெட்டதுதான் என்று எப்படி உறுதி செய்வது?

இடம் மாற்றுங்கள். அதே டிரைவ் வேறு கணினியிலும் தெரியவில்லை, அதே ஸ்லாட்டில் வேறு டிரைவ் தெரிகிறது. இந்த இரண்டும் நிரூபணமானால் டிரைவ்தான். ஒன்று மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். யுஎஸ்பி பெட்டியில் போட்டுச் சோதிப்பவர்கள், அந்தப் பெட்டி சாட்டாவுக்கா என்விஎம்இக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் நல்ல டிரைவும் தெரியாது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சிட்டிருக்கிறார்கள். மாற்றித் தரமாட்டார்களா?

குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்க மறுப்பதும் அப்படியே. முதலில் கடையில் பொறுமையாகப் பேசுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் மாற்றித் தருகிறார்கள். தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடை கைவிட்டாலும் டிரைவ் நிறுவனத்தின் உத்தரவாதம் தனியாக உண்டு, அதற்கும் பில் வேண்டும். பில் இல்லாமல் பணம் குறைத்துத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

ஒன்றும் புரியவில்லை, உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரலாம் என்று பார்க்கிறேன். எதையெல்லாம் எடுத்து வர வேண்டும்?

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் வேண்டாம், எங்களிடம் இருக்கின்றன. கனமான கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் அதைக் கழற்றித் தனியே அதன் பெட்டியில் வையுங்கள், குலுங்கினால் ஸ்லாட் உடையும். கேபினெட்டை மதர்போர்டு மேலே பார்க்கும்படி மடியில் படுக்க வையுங்கள். ஆரப்பாளையத்தில் இறங்கியதும் ஆட்டோவில் பின்பக்கம் தூக்கிப் போட விடாதீர்கள். பில்லையும் எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த எல்லாக் கேபிள்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டின் அட்டைப் பெட்டியையும் அப்படியே கொண்டுவாருங்கள், அதன் அடியில் அந்தச் சின்ன பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.